ஆள் சேரவில்லை

பதினோராம் எண் அறையில் இருபத்தாறு வருஷமாக ஊசி போடும் அந்த அம்மாளுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கே தெரியாது. ஊருக்கு அவர் சோப்பு சிஸ்டர். நாய் கடித்தது, பூனை பிறாண்டியது என்று யார் வந்து நின்றாலும் சீட்டை வாங்குவதற்கு முன்னால் அவர்கள் கையில் ஒரு சோப்பைத் திணித்துவிடுவார். வராந்தாக் குழாயைத் திறந்துவிட்டு, கடிபட்ட இடத்தை ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து என்றால் பதினைந்துதான். அதற்காகவே குழாய்க்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டியிருக்கிறார். பத்தாவது நிமிஷத்தில் நைசாகக் குழாயை மூடியவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வருகிறவர்கள் சும்மாவா வருகிறார்கள்? ஒருவர் கடிவாயில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வருவார். ஒருவர் மிளகாய்ப்பொடி. ஒருவர் பற்பசை. மெக்கானிக் ஒருவர் இஞ்சின் ஆயிலைத் தடவி அதன்மேல் இறுக்கிக் கட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அவரை சிஸ்டர் விட்ட டோஸில் அடுத்த அறையில் காது காட்ட வந்தவருக்குக் காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் இன்றும் சொல்வார்கள்.

வீட்டிலும் தெருவிலும் இதே கதைதான். நாயோடு யாராவது எதிரே வந்தால் சிஸ்டர் சௌக்கியம் கேட்க மாட்டார். "ஊசி போட்டாச்சா? எப்போ? கார்டு எங்க?" என்பார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவதென்றால் முதலில் நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வருகிறார்கள். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், சாதுவான மனிதர். "எங்க வீட்டுல கத்தரிக்காயக்கூட பதினஞ்சு நிமிஷம் கழுவுவோம்" என்று சொல்லிச் சிரிப்பார். சிஸ்டர் அதற்குச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்புவரை அந்த ஆஸ்பத்திரியிலேயே பதவிசான நர்ஸ் அவர்தான். குரல் எழும்பாது. மேலே இருப்பவர்கள் சொன்னதைத் தட்ட மாட்டார். தங்கமான பிள்ளை என்று பெயர். அந்தத் தங்கமான பிள்ளைதான் ஒரு மனிதரைச் சாக அனுப்பியது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னது.

விஷயம் இதுதான். நாய்க்கடி மருந்து சின்னக் குப்பியில் வரும். ஒரு குப்பி ஐந்து பேருக்குப் போதும். தோலுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இரண்டு கையிலும் துளியளவு போடுகிற ஊசி அது. குப்பியைத் திறந்து கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். கொட்டினால் ஸ்டோர்காரர் பதில் சொல்ல வேண்டும். அதனால் எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு பேர் சேர்ந்தால்தான் குப்பி திறப்பது. நாலு சீட்டு மேஜைக்கு வந்தால் ஸ்டோர்காரர் பிரிட்ஜ் பூட்டைத் திறந்து மருந்து கொடுப்பார். வரவில்லையென்றால், கடிபட்டவர் மறுநாள் வர வேண்டும். மறுநாளும் சேராவிட்டால் அதற்கு மறுநாள்.

நாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது நாலு பேரைக் கூட்டிவைத்துக் கடிப்பதில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணிக்குப் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் தனியாக வந்தார். மார்க்கெட் முனையில் சின்னக் கடை வைத்திருப்பவர், யார் வீட்டில் சாவி தொலைந்தாலும் போய்த் திறந்து கொடுப்பவர். ஒரு பங்களா வீட்டில் இரும்புக் கேட்டுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு நாயே அவர் வலது கையைக் கடித்துவிட்டது. நாலு பல்லும் ஆழமாக இறங்கியிருந்தது. காயத்தின் மேல் ஒரு பழைய கைக்குட்டை.

சிஸ்டர் மேஜையைப் பார்த்தார். இருந்தது ஒரே சீட்டு. ஸ்டோருக்குப் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அவர் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லையே. காயத்தில் மருந்து தடவிக் கட்டினார். கழுவக்கூடச் சொல்லவில்லை. சீட்டின் பின்பக்கம் அழகான முத்துமுத்தான எழுத்தில் எழுதினார்: ஆள் சேரவில்லை. திங்கள் வரவும். கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் போட்டுக் கொடுத்தார். பூட்டுக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது அறைக்குப் பூட்டு மாட்டும் வேலை வந்திருந்தது. கையும் ஆறிக்கொண்டு வந்தது. அதையெல்லாம்விட இன்னொரு காரணம் இருந்தது. பின்னால் அவர் மனைவி சொல்லித்தான் சிஸ்டருக்கு அது தெரியவந்தது. போய் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள் என்று மனைவி பிடுங்கியெடுத்தபோது அவர் சொன்னாராம்: "ஆபத்துன்னா ஆஸ்பத்திரிலயே திருப்பி அனுப்புவாங்களா?"

நியாயமான கேள்வி. புத்தியுள்ள எந்த மனிதரும் அப்படித்தான் நினைப்பார். எங்கே வைக்கக்கூடாதோ அங்கே நம்பிக்கை வைத்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஏழாவது வாரம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடிபட்ட கையில் ஊசி குத்துகிற மாதிரி வலி, தண்ணீர் குடிக்க முடியவில்லை, மின்விசிறிக் காற்று பட்டாலே தொண்டை இழுத்துக்கொள்கிறது என்றார்கள். அதைக் கேட்டதும் டியூட்டி டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். அந்த நிலைக்கு வந்துவிட்டால் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியும் கை விரிக்க வேண்டியதுதான். கடிபட்ட அன்றே வந்தால் ஏறக்குறைய ஒருத்தரைக்கூடச் சாக விட வேண்டாத வியாதி, அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய ஒருத்தரையும் விடாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பூட்டிய பிரிட்ஜ்.

கடைசி அறையில் விளக்கைக் குறைத்து, விசிறியை நிறுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். சிஸ்டர் உள்ளே போனபோது நல்ல நினைவோடுதான் இருந்தார். அவரை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்," என்றார். "நீங்க சொல்லியும் நான் திங்கக்கிழமை வரல."

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்டுக்காரர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். பாவி, நீதானே என்னை அனுப்பினாய் என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார். சாகப் போகிற மனிதர் தன்னிடம் மன்னிப்பு கேட்கிறாரே, இது என்ன அநியாயம்? வெளியே வந்து வராந்தாக் குழாயடியில் நின்றார். இரண்டாம் நாள் பூட்டுக்காரர் போய்விட்டார்.

அதற்கு மறுநாள் காலையில் பதினோராம் அறை வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. பூட்டுக்காரர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மனைவியின் தம்பி. கடைசி நாட்களில் வாயைத் துடைத்துவிட்டவர்கள், பிடித்துக்கொண்டவர்கள், அவருடைய எச்சில் பட்டிருக்கக்கூடியவர்கள். அவர்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். அழுது ஓய்ந்த முகத்தோடு அந்தப் பெண் நாலு சீட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஐந்தாவதாக, சிஸ்டர் பின்பக்கம் எழுதிக் கொடுத்த அந்தப் பழைய சீட்டையும் வைத்தாள். புருஷன் அதைச் சாவி வைக்கிற டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாராம், என்றைக்காவது போகலாம் என்று. ஆஸ்பத்திரிச் சீட்டாயிற்றே, திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்னவோ என்று எடுத்து வந்திருக்கிறாள்.

பிறகு, குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நாலு பேர் இருக்கோம் சிஸ்டர். போதுமா, இன்னும் ஆள் வரணுமா?"

ஸ்டோர்காரர் நாலு சீட்டையும் எண்ணிப் பார்த்து, மறுபேச்சில்லாமல் பூட்டைத் திறந்தார். ஆள் சேர்ந்துவிட்டதல்லவா.

அன்று சாயங்காலம் சிஸ்டர் நேராக அந்தப் பங்களாவுக்குப் போனார். உங்கள் நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வீட்டு அம்மாள் முதலில் மென்று விழுங்கினார், பிறகு சொன்னார். பூட்டுக்காரரைக் கடித்த ஐந்தாம் நாளே நாய் செத்துப்போயிற்றாம். வாயில் நுரை வந்ததாம். தோட்டத்திலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்களாம். ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் அந்த ஆள் பயந்துவிடுவாரே என்றுதான் சொல்லவில்லை என்றார்.

எவ்வளவு கருணை பாருங்கள். பயந்திருந்தால் ஓடி வந்து ஊசி போட்டுக்கொண்டிருப்பார், பிழைத்திருப்பார். பயமில்லாமல் சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாய்க்கு ஊசி போடவில்லையா என்று சிஸ்டர் கேட்டார். "அது தெருநாய் இல்லீங்களே, எங்க ரூம்லயே ஏசில தூங்குற நாய்" என்றார் அந்த அம்மாள். அவர் மடியில் ஒரு புதுக் குட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கும் ஊசி போடவில்லை.

சிஸ்டர் வாயைத் திறந்தார். இருபது வருஷமாக உள்ளே இறக்கி வைத்திருந்த அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. ஏசியில் படுக்கிற நாய் கேட்டுக்கு வெளியே மூக்கை நீட்டுவதில்லையா, தெருநாய் அந்த மூக்கைக் கடிக்காதா, வருஷத்துக்கு ஒரு ஊசி போட உங்களுக்கு என்ன குறைச்சல் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அத்தோடு விட்டாரா? அந்த அம்மாளையும் குட்டியையும் அவர்கள் காரிலேயே ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டச் சொன்னார். குட்டியின் கார்டை அங்கேயே எழுதி வாங்கி, அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார்.

சோப்பு சிஸ்டர் பிறந்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு ஏழு வருஷம் அவர் ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. விதி மாறிவிட்டதா என்றால், இல்லை. நாலு சீட்டு இல்லாமல் ஸ்டோர்காரர் பூட்டைத் தொட மாட்டார். சிஸ்டர் ஒரு குறுக்கு வழி பிடித்தார். நாய்க்கடிக்கு ஒரு ஊசியோடு முடியாது, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று திரும்பத் திரும்ப வர வேண்டும். பாதிப் பேர் நடுவில் கம்பி நீட்டிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களின் போன் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். யாராவது தனியாகக் கடிபட்டு வந்தால் நோட்டைத் திறப்பார். "உன்னோட ரெண்டாவது ஊசி பாக்கி இருக்கு. அரைமணியில வரல, நான் உன் வேலை செய்யற இடத்துக்கே வருவேன்." வந்துவிடுவார்கள். நாலு சீட்டு சேர்ந்துவிடும்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் விதியை எதிர்த்து ஒரு வார்த்தை அவர் மேலிடத்தில் சொல்லவில்லை. ஊரையெல்லாம் ஏசுகிற வாய் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஊமையாகிவிடும். சொன்னால், இதனால் யார் செத்தார் என்று கேட்பார்கள். அதற்குச் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டில் இருப்பது அவர் கையெழுத்து. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தச் சீட்டைச் சட்டகம் போட்ட கல்யாணப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அது அங்கே இருப்பது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. சிஸ்டர் மற்றவர்கள் மேல் கொட்டிய கோபத்தில் பாதி தன் மேலேயே வந்த கோபம். அதை அவர் ஒத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆயிற்று.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மறுபடி சனிக்கிழமையேதான். நாய்க்கு மட்டுமல்ல, விதிக்கும் சனிக்கிழமை பிடிக்கும் போலிருக்கிறது. நாலு மணிக்குக் கூரியர்காரர் ஒருவர் வந்தார். பார்சலை வாசலில் வைக்கக் குனிந்தபோது வீட்டு நாய் கன்னத்தில் கடித்திருந்தது. சதை தொங்கியது. கடி தலைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சீக்கிரம் வியாதி ஏறும் என்று சிஸ்டருக்குத் தெரியும். சோப்பைக் கொடுத்துக் குழாயடியில் நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பதினொரு பேரைக் கூப்பிட்டார். ஒருவரும் வருகிற நிலையில் இல்லை. ஸ்டோர்காரரோ மத்தியானமே ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டார், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு. அவருடைய போன் அணைந்து கிடந்தது. பெரிய டாக்டரும் ஊரில் இல்லை.

கூரியர்காரர் முகத்தைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "திங்கக்கிழமை வரட்டுமா சிஸ்டர்?" என்றார்.

அந்த வார்த்தை போதும். சிஸ்டர் போனை எடுத்துப் பூட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். புருஷன் போன பிறகு அவருடைய கடையை அவள்தான் நடத்துகிறாள். ஊரில் இப்போது எந்தப் பூட்டாக இருந்தாலும் அவளிடம்தான் போகிறார்கள். ஏழு வருஷமாக அவள் எதிரே வந்தால் சிஸ்டர் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்.

இருபது நிமிஷத்தில் நனைந்துகொண்டே கருவிப் பெட்டியோடு வந்தாள். பிரிட்ஜைக் காட்டினார் சிஸ்டர். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"அன்னிக்கும் மருந்து இதுக்குள்ளதான் இருந்துச்சா சிஸ்டர்?"

"இதுக்குள்ளதான் இருந்துச்சு."

அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு கம்பியை உள்ளே விட்டாள். பூட்டு ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஒரு மனிதரின் உயிருக்கும் மருந்துக்கும் நடுவில் நின்ற பூட்டு அவ்வளவு மட்டமான பூட்டு. சிஸ்டர் குப்பியைத் திறந்து ஊசி போட்டார், ஆழமான கடிக்கு ஊசியோடு சேர்த்துப் போடுகிற சீரத்தை எடுத்து டியூட்டி டாக்டரைக் கொண்டு காயத்தைச் சுற்றிப் போட வைத்தார். மிச்சம் நாலு பேருக்கான மருந்து சாயங்காலம் கொட்டப்பட்டது. கொட்டியதை ஒளிக்காமல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. வெளியாளைக் கொண்டு ஆஸ்பத்திரிப் பூட்டைத் திறந்தது, நாலு பேருக்கான மருந்தை வீணாக்கியது, இரண்டுக்கும் விளக்கம் கேட்டு. பெரிய டாக்டர் அறையில் விசாரணை. அவர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, கெட்டவர் இல்லை, வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். ஸ்டோர்காரர் பக்கத்தில் பைலோடு நின்றார்.

நாலு பேர் சேர வேண்டும் என்ற உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள் என்று சிஸ்டர் கேட்டார். ஸ்டோர்காரர் பைலைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். அப்படி ஒரு உத்தரவு அதில் இல்லவே இல்லை. தனக்கு முன்னால் இருந்தவர் சொன்னது, அவருக்கு முன்னால் இருந்தவர் அவரிடம் சொன்னது, எப்போதும் உள்ள வழக்கம் என்றார். மாறாக, தனி ஆளாக வந்தாலும் திருப்பி அனுப்பக்கூடாது என்று மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்று அதே பைலில் பிரிக்கப்படாமல் கிடந்தது. தாய் தகப்பன் தெரியாத ஒரு விதிக்கு இத்தனை வருஷம் ஒரு ஆஸ்பத்திரியே கைகட்டி நின்றிருக்கிறது.

பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்தார். வழக்கம் சரியில்லைதான், மெதுவாகப் பார்க்கலாம் என்றார். பிறகு சப்பைக்கட்டாக ஒன்று சொன்னார். "இதுவரைக்கும் இதனால யாருக்கும் பாதிப்பு வந்ததா ரெக்கார்ட் இல்லையே சிஸ்டர்."

சிஸ்டர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த பழைய சீட்டு. பூட்டுக்காரர் எப்போது வந்தார், என்ன ஆனார், யார் யார் பின்னால் வந்து நாலு சீட்டு வைத்தார்கள் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். குரல் எழும்பவில்லை. ஸ்டோர்காரர் பைலை மூடிக்கொண்டு கீழே பார்த்தார். அவருக்கும் அந்த நாள் ஞாபகம் இருந்தது.

டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்தார். "இது உங்க கையெழுத்து."

"ஆமா டாக்டர்."

"இத பைல்ல வெச்சா முதல் நடவடிக்கை உங்க மேலதான் வரும். ரிட்டயராக மூணு வருஷம்கூட இல்ல. எடுத்துட்டுப் போயிடுங்க. மெமோவ நான் வாபஸ் வாங்கிடறேன்."

"மெமோ இருக்கட்டும் டாக்டர். அந்த விதிய வாபஸ் வாங்குங்க. அதுக்கு ரெக்கார்ட் வேணும்னீங்க, இதோ இருக்கு. நான் எழுதுன எழுத்துதான், நான் அனுப்புன ஆள்தான். ஏழு வருஷம் இத ஒளிச்சு வெச்சதுக்கும் சேத்து எழுதிக்குங்க."

சீட்டு பைலுக்குள் போயிற்று. இரண்டு நாளில் உத்தரவும் வந்தது. ஒரு ஆள் வந்தாலும் குப்பி திறக்க வேண்டும், பிரிட்ஜ் சாவி பதினோராம் அறையிலேயே இருக்க வேண்டும். சிஸ்டர் மேல் தனியாக ஒரு விசாரணை தொடங்கியிருக்கிறது, அது எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். விசாரணைக்கு நானும் கூட வரட்டுமா என்று மட்டும் வீட்டுக்காரர் கேட்டார்.

உத்தரவு வந்த அடுத்த திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். ஒரு பழ வியாபாரி, தையல்கடைப் பெண் ஒருத்தி, காலேஜில் படிக்கிற ஒரு பெண், வயதான கொத்தனார் ஒருவர். பழ வியாபாரி சந்தோஷமாக முன்னால் வந்து நாலு சீட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"உங்களுக்குக் கஷ்டமே இல்லாம நாங்களே ஆளச் சேத்துக்கிட்டு வந்துட்டோம் சிஸ்டர்."

பிரிட்ஜ் கதவில் உத்தரவை ஒட்டியாயிற்று. ஊர் வாயில் ஒட்டிக்கொண்ட விதியை யார் போய்க் கிழிப்பது? கடிபட்டால் நாலு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்று மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். டீக்கடையில் சொல்லி வைத்தால் போதுமாம், ஆள் சேர்ந்ததும் கடைக்காரர் கூப்பிட்டு அனுப்புவாராம். இவர்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். எத்தனை பேர் சேராமலேயே போனார்கள் என்று எந்த ரெக்கார்டில் பார்ப்பது?

சிஸ்டர் ஒவ்வொருவரையும் எப்போது கடித்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார். வியாபாரிக்கு நேற்று. தையல்கடைப் பெண்ணுக்கும் நேற்று, படிக்கிற பெண்ணுக்கு முந்தாநாள். கொத்தனார் கை விரலில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தார்.

"புதன்கிழமைம்மா."

"இன்னிக்குத் திங்கக்கிழமை. இத்தன நாள் ஏன் வரல?"

கொத்தனார் தப்பு செய்தவர் மாதிரி நெளிந்தார். "ஆள் சேரலையேம்மா," என்றார்.

ஊரே நடுங்குகிற அந்த வாயிலிருந்து ஒரு ஏச்சுகூட வரவில்லை. சிஸ்டர் ஒரு புதுச் சோப்பைப் பிரித்தார். கொத்தனாரின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போய், கடிகாரத்தைப் பார்க்காமல், தானே கழுவத் தொடங்கினார்.